ஒரு நாளும் நிற்காத வண்டி

கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்த புண்ணியவானுக்கு டீசல் வண்டி வாங்கிப் பழக்கமில்லை. இருந்திருந்தால் மூன்றாவதாக அதையும் சேர்த்திருப்பான். நம்பாவிட்டால் பாலக்கரை ஐஸ் டிப்போ பாக்கியமேரியைக் கேளுங்கள். எண்பத்தாறாம் வருஷத் தவக்காலத்தில் ஊரெல்லாம் கறியை விட்டது என்றால், அந்த அம்மாள் தூக்கத்தையும் சேர்த்து விட்டாள்.

விஷயம் இதுதான். அப்பா அற்புதசாமி விட்டுப்போன ஐஸ் வியாபாரம் அவளுடையது. கம்பெனியில் ஐஸ் பார்களை எடுத்து, உமி தூவி, சாக்குப் போர்த்தி, விடியற்காலையிலேயே மீன் மார்க்கெட்டுக்கும் ஸ்ரீரங்கம் சோடாக் கடைகளுக்கும் கொண்டுபோய்ப் போடவேண்டும். அதற்கென்று இருந்த பழைய வேன் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டு, மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஷெட்டிலேயே படுத்துவிட்டது. மெக்கானிக் நல்லதம்பி வந்து பானட்டைத் திறந்தான். பார்த்தான். மூடினான். "இதுக்கு மேல கை வெச்சா பாவம்க்கா" என்றான்.

பட்ட காலிலே படும் என்பார்களே, அதற்கு நேர்மாறாக அதே வாரம்தான் நல்ல ஆர்டர் ஒன்றும் வந்து தொலைத்தது. துறையூர் ஏஜெண்ட் கந்தப்பனுக்கு ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமையிலிருந்து தினமும் பன்னிரண்டு பார். காலை ஏழு மணிக்குள் போய்ச் சேரவேண்டும். ஒரு நாள் தவறினாலும் பெரம்பலூர்க்காரனுக்கு மாற்றிவிடுவேன் என்று மனுஷன் கறாராகச் சொல்லிவிட்டார். செங்கல் ஏற்றிய வண்டி வழியில் நின்றால் செங்கல் செங்கல்லாகவே இருக்கும். ஐஸ் ஏற்றிய வண்டி நின்றால் வியாபாரம் ரோட்டில் தண்ணீராக ஓடிவிடும். அதனால் பாக்கியமேரிக்கு வேண்டியது அழகும் இல்லை, வேகமும் இல்லை. ஒன்றரை டன் ஏற்றினாலும் நிற்காமல் போகிற வண்டி.

"எங்க பழைய வேன் மாதிரி இருக்கணும். பதினெட்டு வருஷம், ஒரு நாள் வழியில நின்னதில்லீங்க!" கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் அவள் இதையே சொன்னாள்.

அவள் அப்பா காலத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. இருக்கிறது ஒரு வண்டி, பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கவேண்டியதுதான். இப்போது ஜப்பான்காரனோடு சேர்ந்து புதுசு புதுசாக வண்டி விட ஆரம்பித்திருந்தார்கள். வண்டி கூடக்கூட யோசனை சொல்கிறவனும் கூடிப்போனான்.

முதல் யோசனை வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. புருஷன் தைரியராஜ் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ரயில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற கைக்கு மற்ற வண்டி எல்லாம் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான்தான்.

"மேரி, இரும்புன்னா கனம் இருக்கணும். மிலிட்டரிக்காரன் ஏலம் விடுறான், டிஸ்போசல் வண்டி. யானை மாதிரி நிக்குது. அதை எடு."

"என்னங்க, யானைக்குத் தீனி யாரு போடுறது?"

"உனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அவர் வாதம் எப்போதும் அந்த இடத்தில்தான் முடியும்.

நல்லதம்பி சொன்னது மூக்கு வண்டி. எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டு, ஜீப்பின் பெரியண்ணன் போல இருக்கும். "கண்ணை மூடிக்கிட்டு எடுங்கக்கா. எதுனா ஒண்ணுன்னா மண்ணச்சநல்லூர்ல சாமான் கிடைக்கும், துறையூர்ல கிடைக்கும், பொட்டிக் கடையில கேட்டாக்கூடக் கிடைக்கும். ஜப்பான் வண்டிக்கு ஒரு வாஷர் வேணும்னா மெட்ராஸுக்கு லெட்டர் போடணும்."

அது சரி என்று தோன்றியது. தைரியராஜ் சொன்னதும் தோன்றத்தான் செய்தது. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் கட்சி என்று ஆகிவிட்டாள் பாக்கியமேரி.

மிச்சம் இருந்தது ரசூல் பாய். டிரைவர் என்று ஒரு வார்த்தையில் சொன்னால் பாவம். அற்புதசாமி காலத்திலிருந்து வேனை ஓட்டியவர், ஐம்பத்திநாலு வயசு. பத்து வருஷத்துக்கு முன்னால் மீன் மார்க்கெட்டில் ஒரு பார் வழுக்கி இடது முட்டியில் விழுந்தது. அன்றிலிருந்து அந்தக் கால் பாதிதான் மடங்கும். தொழுகைக்குக்கூட ஸ்டூல் போட்டுத்தான் உட்காருவார். ஆனால் வேனில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டால் எந்தக் குறையும் தெரியாது. எந்த வண்டியானாலும் பாய் கண்ணால் பார்த்துச் சரி என்று சொன்னால் அதுவே முடிவு என்று பாக்கியமேரி தீர்மானித்திருந்தாள்.

இரண்டு கம்பெனிக்காரர்களும் ஓட்டிப் பார்க்க வண்டி கொடுத்தார்கள். திருச்சிக்காரர்கள் லோடு வண்டியைச் சோதிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. கொள்ளிடத்து மணலுக்குள் லோடோடு இறக்கி, கரைமேல் ஏற்றவேண்டும். மணலில் திணறாமல் ஏறினால் வண்டி. இல்லாவிட்டால் வெறும் தகர டப்பா.

முதல் நாள் மூக்கு வண்டி. ரசூல் பாய் ஓட்டினார். பன்னிரண்டு பார் ஏற்றி மணலில் இறங்கியது. ஏறும்போது இரண்டு தடவை முக்கி, கறுப்புப் புகையைக் கக்கி, மூன்றாவது தடவை ஒருவழியாக ஏறியது. கரைமேல் நின்றிருந்த பாக்கியமேரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் ஜப்பான் வண்டி. மூக்கே கிடையாது, முகம் மொழுமொழு என்று இருக்கும். முன்சக்கரத்துக்கு மேலேயே டிரைவர் சீட்டு. ரசூல் பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, "கம்பெனி டிரைவரே ஓட்டட்டும். நான் பின்னாடி லோடுல உக்காந்து பாக்குறேன்" என்றார்.

"நீங்க ஓட்டலையா பாய்?"

"ஐஸ் எப்படிக் குலுங்குதுன்னு பாக்கணும்ல மேரிம்மா."

வண்டி மணலில் இறங்கிய சுவடே தெரியாமல் ஏறிவந்துவிட்டது. ஒரு பார் அசையவில்லை. கம்பெனிக்காரன் மீசையைத் தடவிக்கொண்டான். ரசூல் பாய் பின்னாலிருந்து கையை ஊன்றி மெதுவாக இறங்கி, சட்டையில் ஒட்டிய உமியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "இதை எடுங்க. வேற யோசனையே வேணாம்."

தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? பாக்கியமேரியும் அப்படித்தான் நினைத்தாள். சாயங்காலம் நல்லதம்பி டிப்போவுக்கு வந்தான். வந்தவன் சும்மா வரவில்லை.

"அக்கா, நான் சொன்னேன்னு வேண்டாம். பாய் அந்த ஜப்பான் கம்பெனிக்கு மூணு தடவை தனியாப் போனாராம். எங்க பட்டறைப் பக்கம் பார்த்தவங்க சொன்னாங்க. ஓட்டிப் பார்க்காமலே ஒருத்தர் வண்டியை நல்லாருக்குன்னு சொல்லுறாருன்னா... வண்டி பிடிச்சுக் கொடுக்கிறவங்களுக்கு கமிஷன் உண்டு, அது ஊருக்கே தெரியும். நான் தப்பாச் சொல்லலை."

இந்த "நான் தப்பாச் சொல்லலை" இருக்கிறதே, குடும்பத்தைக் கெடுக்கிற வார்த்தை அது. பாக்கியமேரி அவனைச் சத்தம் போட்டுத்தான் அனுப்பினாள். "பாயைப் பத்தி இன்னொரு தடவை பேசினே, நடக்கிறதே வேற!" என்றாள். ஆனால் அவன் போனபின் சந்தேகம் மட்டும் போகவில்லை. ஏன் ஓட்டவில்லை? ஏன் தனியாகப் போனார்? போனவர் ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? தன் அப்பா கூடவே நின்ற மனுஷனை இப்படி நினைக்கிறோமே என்று அழுகையும் வந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை. வண்டியைப் பற்றிய குழப்பம் போதாதென்று ஆளைப் பற்றிய குழப்பமும் சேர்ந்துகொண்டது.

அன்றைக்கு அந்தோணியார் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, மூன்று சீட்டு எழுதிப் போட்டாள். தொலைந்த சாவியைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற அந்தோணியார் இதற்கும் வழிகாட்டாமலா போவார்? கண்ணை மூடி ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தாள். மிலிட்டரி வண்டி! தைரியராஜ் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா, அவருக்கே இரும்பு தெரியுது" என்றார். பாக்கியமேரிக்கு அந்தோணியார்மேலேயே கொஞ்சம் வருத்தம் வந்தது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, தஞ்சாவூர் ரோட்டில் இருந்த ஜப்பான் வண்டி ஷோரூமுக்குப் போனாள். மேனேஜர் எழுந்து நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

"எங்க டிரைவர் ரசூல் பாய் இங்க வந்தாரா?"

"வந்தாருங்க. மூணு தடவை."

"எதுக்கு?"

மேனேஜர் சிரித்தார். "நல்ல மனுஷங்க. வண்டிக்குள்ள ஏறி உட்கார்ந்து பார்க்கணும்னாரு. ஏறவே ரொம்பச் சிரமப்பட்டாரு. இதுல காலை நீட்ட முடியாதுங்க, முட்டியை மடக்கித்தான் கிளட்ச்சை மிதிக்கணும். முதல் நாள் முடியலை. மறுநாள் வந்து, சீட்டைப் பின்னாடி தள்ள முடியுமான்னு கேட்டாரு. பின்னாடி தகரம், எப்படிங்க தள்ளுறது? மூணாவது தடவை ஒரு தலகாணியைக் கொண்டுவந்து முதுகுக்கு வெச்சுப் பார்த்தாரு. ம்ஹூம்."

பாக்கியமேரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்புறம் ஒண்ணு கேட்டாருங்க. இந்த வண்டி ஓட்டத் தெரிஞ்ச, குடிக்காத, நல்ல டிரைவர் யாராவது இருந்தா சொல்லுங்க, எங்க மேரிம்மாவுக்கு வேணும்னாரு. கமிஷன் தரேன்னு நானே சொன்னேன். நான் என்ன தரகனான்னு கோவிச்சுக்கிட்டாரு."

அவள் என்ன பதில் சொன்னாள், எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தவள் பாலக்கரையில் இறங்கவில்லை. காவிரிப் பாலம் தாண்டி, அம்மா மண்டபமும் தாண்டி, ஸ்ரீரங்கத்துக்கே போய்விட்டாள். அங்கே ரெங்கம்மாள் என்று ஒருத்தி. வடக்கு உத்தர வீதியில் சோடாவும் ரோஸ் மில்க்கும் விற்கிறவள், முப்பது வருஷமாக இவர்களிடம்தான் ஐஸ். வேறு யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியாமல் பாக்கியமேரி அவள் கடை ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

ரெங்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். "இதுக்குப் போய்க் கண்ணைக் கசக்குவாங்களா? பூக்கட்டிப் பாத்துடுவோம். வெள்ளைப் பூ ஒண்ணு, சிவப்புப் பூ ஒண்ணு. எங்க பிள்ளையார் சொன்னாச் சொன்னதுதான்."

"ஃபாதருக்குத் தெரிஞ்சா என்னைக் கோயிலுக்குள்ளயே விடமாட்டாரு அக்கா!"

"அவருகிட்ட யாரு சொல்லப்போறா?"

வெள்ளைப் பூ மூக்கு வண்டி, சிவப்புப் பூ ஜப்பான் வண்டி என்று வைத்துக்கொண்டு, இரண்டையும் இலையில் மடித்து ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்டினாள். கட்டிக்கொண்டே, "உனக்கு எப்படிப்பட்ட வண்டிதான் வேணும் மேரி?" என்று கேட்டாள்.

பாக்கியமேரி வழக்கமான பல்லவியை எடுத்தாள். "எங்க பழைய வேன் மாதிரிக்கா. பதினெட்டு வருஷம், ஒரு நாள் வழியில நின்னதில்லை."

ரெங்கம்மாள் நூலைக் கடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். "யாரு சொன்னா நின்னதில்லைன்னு?"

"ஏன், நான்தான் சொல்றேன்."

"அடிப் போடி பைத்தியக்காரி! அந்த வேன் நிக்காத இடம் எது? போன ஆடியில பாலத்து மேலயே நின்னுச்சு. பாய் ஒரு மாட்டு வண்டியைப் பிடிச்சு, பாரை எல்லாம் மாத்தி, சாக்கைப் போர்த்தி, நொண்டிக்கிட்டே கூட நடந்து வந்தாரு. தீவாளிக்கு முன்னாடி திருவானைக்காவல் பஸ் டெப்போகிட்ட நின்னுச்சு. அன்னைக்குக் கட்டைவண்டி. ஒரு தடவை டவுன் பஸ்ஸுல மூணு பாரை ஏத்திக் கொண்டாந்து இறக்கினாரு, கண்டக்டர் கத்துறான், பஸ்ஸெல்லாம் தண்ணி! இதெல்லாம் உனக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையேக்கா."

"மேரிம்மா அவங்க அப்பா வாங்கின வண்டின்னு பெருமையா இருக்காங்க, அவங்க காதுல போட்டுடாதீங்கன்னுட்டாரு. நான் ஏன் சொல்லப்போறேன்? எனக்கு ஐஸ் நேரத்துக்கு வந்துக்கிட்டுத்தானே இருந்துச்சு."

பாக்கியமேரிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. எந்த வண்டியை அளவுகோலாக வைத்துக்கொண்டு இத்தனை நாள் வண்டி தேடினாளோ, அப்படி ஒரு வண்டியே இருந்ததில்லை. பதினெட்டு வருஷமாக, அதில் பத்து வருஷம் நொண்டிக் காலோடு, நேரத்துக்கு வந்து சேர்ந்தது வண்டி இல்லை. அவள் எழுந்துவிட்டாள்.

"பூ?" என்றாள் ரெங்கம்மாள்.

"பிள்ளையாருக்கே போட்டுடுங்கக்கா. ரெண்டையும்" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று நடந்தாள்.

டிப்போவில் ரசூல் பாய் சாக்குகளை உதறி வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் முன்னால் போய் நின்றாள்.

"மூக்கு வண்டிக்கு எழுதிக் கொடுக்கப்போறேன் பாய்."

அவர் சாக்கைக் கீழே போட்டார். "யாரு சொன்ன யோசனை இது? மணல்ல முக்கினதைப் பாத்தீங்கல்ல? துறையூர் வரைக்கும் தினம் ஓடணும். அது படுத்துரும்மா. ஜப்பான் வண்டியை எடுங்க, நான் சொல்றேன்."

"அதை யாரு ஓட்டுறது?"

"ஆளா இல்லை ஊர்ல? உறையூர்ல ஒருத்தரைப் பேசி வெச்சிருக்கேன். தங்கமான ஆளு."

"நீங்க?"

பாய் குனிந்து மறுபடி சாக்கை எடுத்தார். ஏற்கெனவே உதறியதையே உதறினார். பாக்கியமேரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தலகாணியைத் தூக்கிக்கிட்டு ஷோரூமுக்குப் போனீங்களாமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாய் முத்தா உதுந்துடும்? வேன் வழிக்கு வழி நின்னதையும் சொல்லலை, ஜப்பான் வண்டியில கால் மடங்கலைங்கிறதையும் சொல்லலை. நான் என்ன நெனைச்சேன் தெரியுமா உங்களை? கமிஷன் வாங்கிட்டீங்கன்னு நெனைச்சேன்!"

சொன்னபின்தான் சொல்லியிருக்கக்கூடாது என்று தெரிந்தது. ரசூல் பாய் அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் அடி வாங்கிய மாதிரி ஒன்று வந்து போனது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நெனைக்கிற மாதிரிதான் நானும் நடந்துக்கிட்டேன். ஆனா என் காலைப் பாத்து நீங்க வண்டியை எடுத்துறக்கூடாதுன்னுதான் சொல்லலை மேரிம்மா. துறையூர் ஆர்டர் போச்சுன்னா அற்புதசாமி ஐயாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். மூக்கு வண்டி நிக்கும்னா நிக்கட்டும். நின்னா என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரியும். உறையூர்க்காரருக்குத் தெரியுமா?"

அவர் வேண்டாம் என்று இன்னும் இரண்டு நாள் வாதாடிப் பார்த்தார். தைரியராஜ் யானையை விட்டுக்கொடுக்க ஒரு வாரம் ஆனது. நல்லதம்பிதான் தன் யோசனை ஜெயித்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அவனிடம் யாரும் எதுவும் விளக்கவில்லை.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை விடியற்காலை, பன்னிரண்டு பார் ஏற்றிக்கொண்டு மூக்கு வண்டி கிளம்பியது. முதல் நாள் என்று பாக்கியமேரியும் முன்னால் ஏறிக்கொண்டாள். ரசூல் பாய் இடது காலை நீட்டி, பிஸ்மில்லா சொல்லி கியரைப் போட்டார். காவிரி தாண்டியது, கொள்ளிடம் தாண்டியது. மண்ணச்சநல்லூர் அரிசி மில்களைத் தாண்டி இரண்டு மைல் போனதும் வண்டி விக்கியது, இருமியது, நின்றேவிட்டது.

"மாதாவே!" என்றாள் பாக்கியமேரி. ஆறேகால் மணி. பின்னாலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

ரசூல் பாய் பதறவில்லை. காலை இழுத்துக்கொண்டு இறங்கினார். முதலில் பானட்டைத் திறக்கவில்லை. பின்பக்கம் போய்ச் சாக்கு விலகிய இடத்தை இழுத்து மூடி, கிழக்கே வெயில் வருகிற பக்கம் தார்ப்பாயைத் தாழ இறக்கிக் கட்டினார். துறையூர்ப் பக்கம் வைக்கோல் ஏற்றப் போன ஒரு காலி லாரிக்காரரை நிறுத்தி, "அண்ணே, பத்து நிமிஷம் இருங்க. எடுக்கலைன்னா லோடு உங்க வண்டிக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் பானட். டீசல் பைப்பில் காற்று அடைத்திருந்தது. ஒரு நட்டை லேசாகத் தளர்த்தி, கையால் பம்ப்பை அடித்து அடித்து, காற்றுக் குமிழி போய் டீசல் மட்டும் வருகிறவரை விட்டு, இறுக்கினார். நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. சாவியைத் திருப்பினார். வண்டி எடுத்துக்கொண்டது. லாரிக்காரருக்குக் கையைக் காட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

பதினோரு நிமிஷம். பாக்கியமேரி வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியதால் முள் சரியாகத் தெரியவில்லை.

"நான் சொன்னேன்ல? அந்த வண்டியையே எடுத்திருக்கணும்" என்றார் பாய், ரோட்டைப் பார்த்தபடி.

"ஆமா பாய், தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

துறையூர் போய்ச் சேரும்போது ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. ஏஜெண்ட் கந்தப்பன் பார்களைத் தட்டிப் பார்த்தார். வண்டியை மேலும் கீழும் பார்த்தார். சந்தேகப் பிராணி அவர்.

"புது வண்டி போல இருக்கு. தினம் இவ்வளவு தூரம் ஓடணுமேம்மா. வழியில கிழியில நிக்காதே?"

"எங்க வண்டியா?" என்றாள் பாக்கியமேரி. "ஒரு நாள் நின்னதில்லீங்க."

ரசூல் பாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காதில் விழாத மாதிரி தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.